துடைத்ததில் போன நீலம்

மணலி புதுநகர்
8-7-2002

தங்கை ரமாபாய்க்கு,

நீ செய்த தவறை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். என் மொட்டை மாடியில் இருந்த நீலச்செடியின் முப்பத்தொன்பது தடித்த இலைகளையும் நீ ஈரத்துணியால் துடைத்தாய். யாரும் உன்னைத் துடைக்கச் சொல்லவில்லை. துடைத்த பிறகு அது பச்சைச் செடியாகிவிட்டது. மூன்று வருடம் வளர்த்தவன் நான். பத்து நாளில் கெடுத்தவள் நீ.

இனி உன்னோடு பேசமாட்டேன் என்று அன்று சொன்னேன். அந்தச் சொல்லில்தான் நிற்கிறேன். எழுதுவது பேச்சில் சேராது. போன் செய்தால் எடுக்கமாட்டேன்.

நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. நீ பாதியிலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். ஆகவே வரிசையாக எழுதுகிறேன். ஜூன் இருபதாம் தேதி எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பத்து நாள் படி ஏறக்கூடாது, குனியக்கூடாது, தூசியில் நிற்கக்கூடாது என்றார்கள். நீ வந்து தங்கி, வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாய். அதை நான் மறுக்கவில்லை. முப்பதாம் தேதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாடிக்கு ஏறினேன். சட்டி இருந்தது. செடி இருந்தது. நீலம் இல்லை.

முதலில் நான் உன்னைச் சந்தேகப்படவில்லை. என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். மறுநாள் காலை முதல் ஆளாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய், புரையோடு சேர்த்து நீலத்தையும் எடுத்துவிட்டீர்கள் என்று டாக்டரம்மாவிடம் சண்டை போட்டேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"பெரியவரே, இது என்ன கலர்?" என்று அந்த அம்மா பேனா மூடியைக் காட்டினார்.

"நீலம்."

"சிஸ்டர் கையில இருக்கிற பைல்?"

"அதுவும் நீலந்தான்."

"புரை எடுத்தா நீலம் முன்னைவிட நல்லாத் தெரியும். போகாது. வீட்டுக்குப் போய் உங்க செடிக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க."

பக்கத்தில் நின்ற ஆயா வேறு, "நீலத்த எட்த்து நாங்க இன்னா நைனா பண்ணப்போறோம், சொவுத்துக்கு அடிக்கவா?" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டேன். "சாம்பலு படிஞ்சி ஒரே கலீஜா இருந்துச்சிண்ணா. ஒண்ணொண்ணா தொடச்சி பளபளன்னு ஆக்கிட்டேன்" என்றாய். சந்தோஷமாகச் சொன்னாய். அதற்குப் பிறகு நடந்ததை எழுதத் தேவையில்லை.

நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அதற்கு மட்டும் பதில் போடு. எந்தத் துணி? வெறும் தண்ணீரா, சோப்பு ஏதாவது கலந்தாயா? துடைக்கும்போது துணியில் என்ன நிறம் வந்தது?

கிருஷ்ணப்பன்


வியாசர்பாடி
15-7-2002

அண்ணாவுக்கு ரமாபாய் எழுதுவது.

கேட்டதற்கு முதலில் பதில். உன் பழைய வேட்டியில் கிழித்த துணி. ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு. துணியில் மாவு போல வெள்ளையாக வந்தது. சாம்பலைத் துடைத்தால் வரும் கறுப்பு வரவில்லை. அது எனக்கே ஆச்சரியம்தான். இன்னொன்றும் பார்த்தேன். முதலில் தண்ணீர் தெளித்தபோது அது இலையில் ஒட்டவில்லை. சேப்பங்கிழங்கு இலையில் உருளுமே, அதுபோல முத்து முத்தாக உருண்டு விழுந்தது. துடைத்த பிறகு ஒட்டிக்கொண்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பாதியைத் துடைத்துவிட்டுப் பாதியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

ஏன் துடைத்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். உன் வீட்டில் இருந்த நாளெல்லாம் காலையில் எழுந்ததும் தண்ணீர் டிரம் மூடி, கொடிக்கயிறு, ஜன்னல் கம்பி, டிவி எல்லாவற்றையும் துடைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் படிந்திருக்கும். காயவைத்த வடகத்தின் மேல்கூட. உங்கள் பக்கத்தில் எதன் மேல் வெள்ளையாக இருந்தாலும் அது பாக்டரி சிம்னியில் இருந்து வந்த சாம்பல்தான். செடிமேல் இருப்பது மட்டும் செடியுடையது என்று எனக்கு யார் சொன்னது? மூன்று வருடத்தில் நீ ஒரு வார்த்தை சொன்னாயா?

இப்போது என் பங்கு. கீழ்வீட்டு மஜீது பாயும் அவர் சம்சாரம் ரோஷன் பீயும் வெளியே வந்து பார்க்கப் பார்க்க, வாசலில் நின்று நீ என்ன கத்தினாய்? "இருவத்தெட்டு வருசம் ஆஸ்பத்திரித் தரைய தொடச்சவளுக்கு வேற இன்னா தெரியும்? தொடச்சித் தொடச்சி புத்தியே தேஞ்சிபோச்சி!" செடிக்காகத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு சாம்பார் வைக்கப் போயிருப்பேன். நீ செடியை விட்டுவிட்டு என் வேலையைப் பிடித்தாய்.

உனக்கு இடது கண் பாக்கி இருக்கிறது. கூட ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கமாட்டார்கள். அண்ணி போன பிறகு உனக்கு யார் இருக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். கேட்ட அதே இரண்டு பேர் முன்னால் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள். வருகிறேன். இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்.

ரமாபாய்


மணலி புதுநகர்
2-8-2002

ரமாபாய்க்கு,

உன் பதில் வந்தது. துணி வெள்ளையானது, தண்ணீர் உருண்டது, இரண்டும் உபயோகமான விஷயங்கள். மற்றது பிறகு.

செடியின் நடுவில் இரண்டு புது இலை வந்திருக்கிறது. நீலமாக. கட்டைவிரல் நகம் அளவு. என் இடது கண்ணில் இன்னும் புரை இருப்பதால் இப்போது என்னிடம் இரண்டு விதமான கண்கள் இருக்கின்றன. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். மூன்று வருடமாகப் பார்த்த அதே நீலம்தான். கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் டீத்தண்ணி. பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். ரமா, நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்தவன் நான். இந்த நீலம் அதில் கிடையாது. ஸ்டவ் நன்றாகப் பிடித்து எரியும்போது திரியைச் சுற்றி ஒரு வளையம் தெரியுமே, அதை எடுத்து அரிசி மாவில் புரட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

மாத்தூரில் வீட்டைக் காலி செய்து போனவர்கள் குப்பைத்தொட்டி பக்கத்தில் விட்டுப்போன சட்டி அது. நான் எடுத்து வந்தபோதே கண்ணில் புரை ஆரம்பித்திருக்க வேண்டும். ஆக, நீலச்செடி நீலச்செடி என்று நான் வளர்த்தது ஒருநாளும் சரியாகப் பார்க்காத ஒரு செடியை. புதுக் கண்ணோடு மாடிக்கு ஏறிய அன்று முதல்முறையாகப் பார்த்திருப்பேன். முப்பத்தொன்பது இலையும் இந்த நிறத்தில். இதைக் கணக்கில் எடுத்தால் உன் தவறு நான் நினைத்ததைவிடப் பெரியது.

துடைத்த இலையில் நீலம் திரும்புமா என்று நாலு இலைக்கு நூல் கட்டி அடையாளம் வைத்துப் பார்க்கிறேன். ஒரு மாதம் ஆயிற்று. திரும்பவில்லை. ரோஷன் பீ, "மூஞ்சிக்கிப் போடற பவுடர இட்டுப் பாரு நைனா" என்றார். ஒரு இலைக்கு இட்டுப் பார்த்தேன். கீழே ஸ்கூட்டர் கழற்றிக்கொண்டிருந்த மஜீது பாய் நிமிர்ந்து பார்த்து, "இன்னா நைனா, செடிய பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார். காற்று வந்ததும் பவுடர் போய்விட்டது.

இன்னொன்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்று வருடம் அதே இடம், அதே வெயில். ஒன்றும் ஆகவில்லை. இப்போது துடைத்த இலைகளில் மட்டும் தோசைக்கல் பட்டதுபோலப் பழுப்புத் திட்டு விழுகிறது. புது இலை இரண்டிலும் ஒரு புள்ளி இல்லை. ஏன்? உனக்குத் தெரியாது என்று தெரியும். சும்மா எழுதிவைத்தேன்.

கிருஷ்ணப்பன்


வியாசர்பாடி
9-8-2002

அண்ணாவுக்கு,

எனக்குத் தெரியாது என்று உனக்குத் தெரியுமாம். எனக்குத் தெரியும்.

இருபத்தெட்டு வருடத்தில் பதினாறு வருடம் நான் தீக்காய வார்டில் இருந்தேன். புதுத்தோல் வந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் வெயிலில் நிற்காதே, துணி போட்டு மூடிக்கொண்டு போ என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். கேட்காமல் வேலைக்குப் போனவர்கள் கொப்புளத்தோடு திரும்பி வருவார்கள். நான் துடைத்தது அழுக்கு இல்லை, அதன் மேல்தோல் என்று இப்போது புரிகிறது. அது என் தவறு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோல் போன ஒன்றை ஒரு மாதமாக மொட்டை வெயிலில் வைத்துக்கொண்டு நூல் கட்டி யோசித்தது யார்? நிழலில் எடுத்து வை. தரை துடைத்தவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துடைக்கும்போது மூன்று இலை கழன்று என் கையோடு வந்துவிட்டது. உனக்குத் தெரிந்தால் கத்துவாய் என்று டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துப் பைக்குள் போட்டேன். தூக்கிப்போட மனம் இல்லாமல் இங்கே ஜன்னலில் வைத்தேன். இரண்டு சுருங்கிக் காய்ந்துவிட்டது. மூன்றாவது இலையில், கழன்ற இடத்தில், ரோஸ் நிறத்தில் நூல் போல வேர் வந்தது. நான் மண்கூட போடவில்லை. வெறும் தகரத்தின் மேல்! பிறகு என் மகன் எழிலன் வேலை செய்கிற இடத்தில் இருந்து ஒரு பிடி மணல் கொண்டுவரச் சொல்லிப் பரப்பினேன். போன வாரம் வேர் பக்கத்தில் கடுகு அளவில் ஒரு குட்டி. இன்று எண்ணினேன், நாலு இலை. நீலம்.

பக்கத்துவீட்டு நர்மதா வந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஒத்த எலைய மூடியில வச்சிகினு காவ காத்துகினு கீற? கொயம்புக்கா?" என்றாள்.

"கொயம்புக்கு இல்லடி. எங்கண்ணன் சொத்து."

"அப்ப பாகம் கேளு."

தூசி படிந்தால் எனக்குக் கை ஊறுகிறது. தொடுவதில்லை. வாயால் ஊதுகிறேன். தாய் இலை நாளுக்கு நாள் சுருங்குகிறது. அதைக் கிள்ளிவிட வேண்டுமா, தண்ணீர் ஊற்ற வேண்டுமா? கேட்க வேறு ஆள் இல்லாததால் உன்னைக் கேட்கிறேன்.

என் நிபந்தனைக்கு நீ பதில் எழுதவில்லை. கவனித்தேன்.

ரமாபாய்


மணலி புதுநகர்
19-8-2002

ரமாபாய்க்கு,

மூன்று இலையைச் சொல்லாமல் எடுத்துப்போனது இரண்டாவது தவறு. குறித்துக்கொண்டேன்.

தாய் இலையைக் கிள்ளாதே. குட்டி அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது. தானாகக் காய்ந்து காகிதம் போல ஆகும்வரை விடு. மணலை வாரத்துக்கு ஒருமுறை நனை, இலைமேல் படக்கூடாது. எந்தப் பக்கத்து ஜன்னல்? எத்தனை மணிக்கு வெயில் வருகிறது? வேர் இலையின் மேல்பக்கத்தில் இருந்து வந்ததா, அடிப்பக்கத்தில் இருந்தா? நாலு இலையும் ஒரே நேரத்தில் வந்ததா? இவற்றை எழுது. இது எனக்குத் தெரியாத விஷயம். ஒரு இலையில் இருந்து முழுச்செடி வரும் என்று மூன்று வருடத்தில் நான் கண்டுபிடிக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே சட்டியை மாடிப்படிக்குக் கீழே நிழலுக்குக் கொண்டுவந்தேன். பழுப்புத் திட்டு அதற்குமேல் பரவவில்லை. ஆனால் வெயிலில் இருந்தபோது ஊற்றிய அதே தண்ணீரை நிழலிலும் ஊற்றினேன். நடுவில் நாலு நாள் மழை வேறு. இப்போது அடித்தண்டு கறுத்து மெத்தென்று ஆகிவிட்டது. அடி இலைகள் கண்ணாடி போலத் தெரிகின்றன, தொட்டால் விழுகின்றன. இது முழுக்க என் தவறு. உன் பேரில் எழுதவில்லை.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். புது இலை இரண்டில் ஒன்றின் ஓரத்தை என் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். அந்த வெள்ளை எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். ஒரே தேய்ப்பில் வந்துவிட்டது. இருந்ததே இரண்டு இலை.

இடது கண்ணுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். செப்டம்பர் பதினொன்று, புதன்கிழமை. தள்ளிப்போட்டால் புரை முற்றிக் கெட்டியாகிவிடும், பிறகு எடுப்பது சிரமம் என்றார் டாக்டரம்மா. ஒரு கண் ஒரு மாதிரி, இன்னொன்று ஒரு மாதிரி இருப்பதால் தூரம் பிடிபடவில்லை. டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுகிறேன். நேற்று கடைசிப் படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தேன், இல்லை. அடி ஒன்றும் இல்லை. கூட இருக்க மஜீது பாய் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே உன் நிபந்தனைக்கு இப்போது அவசியம் இல்லை.

கிருஷ்ணப்பன்


வியாசர்பாடி
26-8-2002

அண்ணாவுக்கு,

மஜீது பாய் வரமாட்டார். நேற்று ரோஷன் பீ இங்கே போன் செய்தார். வாணியம்பாடியில் பன்னிரண்டாம் தேதி அவர் அக்கா மகளுக்கு நிக்காஹ். பதினொன்றாம் தேதி காலையிலேயே கிளம்புகிறார்கள். "அவுரு தேதிய மறந்துகினு உங்க அண்ணனுக்கு சரின்னு வாக்கு குட்த்துட்டாரு. இப்ப போயி இல்லன்னு சொல்ல வெக்கமா கீதாம். நீயே எய்திடு ரமாபாய்" என்றார். எழுதிவிட்டேன்.

செடிக்கு: கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டு உட்காராதே. அழுகின காலை எடுப்பது போலத்தான். புது பிளேடைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடு. கறுப்புக்கு மேல் ஒரு விரல் விட்டு அறு. அறுத்த இடம் முழுக்கப் பச்சையாக, சுத்தமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் இன்னும் மேலே அறு. பாவம் பார்த்து விட்டால் மறுபடி ஏறும். பிறகு தலையை மண்ணில் வைக்காமல் ஒரு வாரம் காயவிடு. காயம் மூடிய பிறகு மணலில் வை. டாக்டர்கள் அறுப்பதைப் பக்கத்தில் பேசின் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவள் சொல்கிறேன். உன் கண்ணுக்கு இப்போது அறுக்க வராது என்றும் தெரியும்.

வெயில் ஏழரை முதல் ஒன்பது வரை, கிழக்கு ஜன்னல். வேர் அடிப்பக்கம். இலை இரண்டிரண்டாக வந்தது. இன்று ஆறு.

நீ கட்டைவிரலால் தேய்த்ததைப் படித்துவிட்டு எழிலனிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இருந்த இரண்டில் ஒன்றைத் தேய்த்த உன்னை நான் என்ன சொல்ல வேண்டும்? முப்பத்தொரு வருசம் கிரேன் ஓட்டி ஓட்டி என்று ஆரம்பிக்கலாம். எனக்கும் குரல் இருக்கிறது. ஆரம்பிக்கவில்லை, பார்த்தாயா?

அந்த வார்டில் ஈ ஒன்று உட்கார்ந்தால் ஒரு உயிர் போகும். ஒரு நாளைக்கு ஏழு முறை தரை துடைத்தோம். சீழ் பிடிக்காமல் வீட்டுக்குப் போனவர்களுக்கு என் பெயர் தெரியாது. அது பரவாயில்லை. நீ என் அண்ணன், உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள். வேறொன்றும் இல்லை.

ரமாபாய்


மணலி புதுநகர்
4-9-2002

ரமாவுக்கு,

அறுத்தேன். முதல் முறை கறுப்பிலேயே விழுந்தது. இரண்டாம் முறை கோணலாகப் போய் நல்ல இலை ஐந்து உதிர்ந்தது. மூன்றாம் முறை நடுவில் நீ சொன்ன அந்தப் பழுப்புப் புள்ளி. நாலாவது முறை சுத்தமாக வந்தது. பதினோரு இலையோடு ஒரு தலை மிச்சம். சமையலறைப் பரண்மேல் காய்கிறது. காயம் மூடிவிட்டது. வேர் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. உதிர்ந்த ஐந்தையும் பழைய காலண்டர் அட்டைமேல் பரப்பி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி எழுதி.

நேற்று கீழே போனேன். மஜீது பாய் ஸ்கூட்டர் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரோஷன் பீயையும் கூப்பிடச் சொன்னேன்.

"பாய், அன்னிக்கி ரமாவ ஒரு வார்த்த சொன்னேன் இல்ல?"

"எந்த வார்த்த? நூறு வார்த்த சொன்னியே நைனா."

"ஆஸ்பத்திரி வேலைய பத்தி சொன்னது."

"ஆமா."

"அது தப்பு."

ரோஷன் பீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "தப்புன்னு எங்களுக்கே தெரியுமே. எங்ககிட்ட இன்னாத்துக்கு சொல்ற? அது நிக்கும்போ திட்டுன. அது நிக்கும்போ சொல்லு. ஆளு இல்லாத நேரத்துல வந்து காதுல ஓதிட்டுப் போனா ஆச்சா?"

அறுபத்தாறு வயதில் எனக்கு இப்படி யாரும் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரி.

நீ துடைத்தது தவறு. அதில் மாற்றம் இல்லை, இன்னும் பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். நான் சொன்னது அதைவிடப் பெரிய தவறு. இதிலும் மாற்றம் இல்லை. வெயிலில் வைக்காதே என்று சொன்னது உன் வேலை. எங்கே அறுக்க வேண்டும் என்று சொன்னதும் உன் வேலை. நான் மூன்று வருடம் நோட்டில் எழுதியதில் அது இரண்டும் இல்லை.

ஆகவே பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை நடக்க வேண்டியவை:

மஜீது பாய் நாலு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். ஒப்புக்கொண்டார்.

ரோஷன் பீ மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். சிரிக்கக்கூடாது. இதற்கு அவர் உறுதி தரவில்லை.

நர்மதா என்கிற அந்தப் பெண் நீ திரும்பும்வரை உன் ஜன்னலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊதலாம். பாகம் கேட்கக்கூடாது.

எழிலன் உன்னை மணலி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்டோவோடு இங்கே வர வேண்டும். ஏழுக்குள் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிறார்கள்.

நீ நாலு மணிக்கு வர வேண்டும். வந்ததும் படி ஏறாதே. எதையும் துடைக்க ஆரம்பிக்காதே. அன்று பையோடு நின்ற இடத்தில் நில். நான் சொல்லி முடித்ததும், போதும் என்று தோன்றினால் ஏறி வா. போதாது என்றால் திரும்பிப் போகலாம். நாலரைக்கு ஒரு பஸ் இருக்கிறது. விசாரித்துவிட்டேன்.

நான் மேல்படியில் நின்று, தெருவில் போகிறவர்கள் யார் இருந்தாலும் சரி, அன்று கத்திய அதே சத்தத்தில், நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் சேராது.

கிருஷ்ணப்பன்